ஹாங்காங்கிலிருந்து திரும்பிய நான்கு சுருள்கள்

1983-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியிலுள்ள லாங்லீட் மாளிகையின் மைதானத்தில், ‘டாக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரின் இருபதாம் ஆண்டு விழாவைப் பிபிசி ஸ்தாபனம் கொண்டாடியபோது, எதிர்பார்த்ததற்குப் பன்மடங்கான ஜனங்கள் குடும்பம் குடும்பமாகத் திரண்டு வந்தார்கள். வீட்டிலிருந்தபடியே வேண்டியதை வேண்டிய வேளையில் பார்க்க உதவும் வீடியோ கேசட் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. அத்தொடரின் கதைகளுள் எதை முதன்முதலாகக் கேசட்டில் பதித்து விற்கலாம் என்று அங்கு கூடியிருந்த ரசிகர்களைக் கேட்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் ஒரே குரலாகச் சொன்ன பெயர் ‘த டூம் ஆஃப் த சைபர்மென்’, அதாவது சைபர்மனிதர்களின் கல்லறை. 1967-இல் ஒரே ஒரு முறை பிரிட்டனில் ஒளிபரப்பாகி மறைந்துபோன கதை அது. அதன் ஒரு பிரதிகூட உலகில் எஞ்சியிருப்பதாக அன்று எவருக்கும் தெரியாது. இல்லாததை விற்க இயலாது என்பதால், சைபர்மனிதர்கள் வரும் வேறொரு கதையாகிய ‘ரிவெஞ்ச் ஆஃப் த சைபர்மென்’ அவ்வாண்டு கேசட்டாக வெளிவந்தது.

கேட்டவர்களுள் பலர் தாம் கேட்ட கதையைப் பார்த்ததேயில்லை. பார்த்தவர்களோ பதினாறு வருஷங்களுக்கு முந்திய பால்ய ஞாபகத்தைக் கொண்டு பேசினார்கள். ஒரு கலைப்படைப்பு இல்லாமற்போனதனாலேயே அதன் கீர்த்தி வளர்ந்த விந்தையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. அக்கதை பின்னர் கிடைத்தது. கேசட்டாகவும், இரண்டு முறை டிவிடி வட்டாகவும் வெளிவந்தது. வட்டுகளோடு விளக்கவுரைகளும் ஆவணப்படங்களும் குறிப்புகளும் சேர்ந்து வந்தன. கதையை மட்டும் பார்ப்பதற்கும், இந்த இணைப்புகளோடு சேர்த்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

‘டாக்டர் ஹூ’வை அறியாத வாசகர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலையுண்ட மறுநாள், சனிக்கிழமை மாலையில் இது தொடங்கியது. டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் ஒரு விசித்திரப் பிரயாணி, வெளியே போலீஸ் தொலைபேசிப் பெட்டியாகத் தோன்றி உள்ளே பெரும் மண்டபமாக விரியும் ஒரு யந்திரத்தில் ஏறிக் காலத்தையும் ஆகாயத்தையும் கடந்து செல்கிறார் என்பதே இதன் அடிப்படை. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் உடல்நலம் குன்றியபோது, தயாரிப்பாளர்கள் தொடரை நிறுத்தாமல், டாக்டருக்கு உருமாறும் சக்தி உண்டென்று கற்பித்து, பாட்ரிக் ட்ரௌட்டன் என்னும் நடிகரை 1966-ஆம் வருஷ இறுதியில் அவ்விடத்தில் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு யோசனையே இத்தொடருக்கு ஆயுளைக் கொடுத்தது. ஹார்ட்னல் ட்ரௌட்டனாக மாறிய ‘த டென்த் பிளானெட்’ என்னும் கதையிலேதான் சைபர்மனிதர்களும் முதன்முதலாகத் தோன்றினார்கள். அந்தக் கதையின் கடைசி அத்தியாயமும் காணாமற்போனவற்றுள் ஒன்று. உருமாறும் காட்சி எஞ்சியிருக்கிறதென்றால், ‘ப்ளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில் 1973-இல் அதை எடுத்துக் காட்டியிருந்ததே காரணம்.

இவ்வளவு பிரசித்தமான ஒரு தொடரின் அத்தியாயங்களை அதைத் தயாரித்த ஸ்தாபனமே அழித்துவிட்டது என்றால் இன்றைக்கு நம்புவது சிரமம். ஆயினும் அக்காலத்து நிலையை எண்ணிப் பார்த்தால் அது அறிவீனம் மட்டுமன்று என்பது புலப்படும். தொலைக்காட்சியை அன்று நாடகமேடையின் தொடர்ச்சியாகவே கருதினார்கள். நாடகம் ஆடி முடிந்தால் முடிந்ததுதான். ஒளிப்பதிவு செய்த இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாவின் விலை அதிகம். பழைய பதிவை அழித்துவிட்டு அதன்மேல் புதியதைப் பதிவது அந்த நாடாவின் பெரிய சௌகரியமாகவே எண்ணப்பட்டது. நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் மறு ஒளிபரப்புக்குக் கடுமையான வரம்பு விதித்திருந்தன. கறுப்பு வெள்ளைப் படங்களை வர்ணத் தொலைக்காட்சி வந்தபின் யாரும் வாங்கமாட்டார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. இந்த நியாயங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்கையில் ஒப்புக்கொள்ளத்தக்கவை. எல்லாம் கூடியபோது ஒரு தலைமுறையின் கலையுழைப்பு அழிந்துபோயிற்று.

நாடா அழிந்தாலும் எல்லாம் அழிந்துவிடவில்லை. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக, அதற்கென அமைத்த ஒரு திரையில் நாடாவை ஓடவிட்டு, அத்திரையை எதிரே நின்ற திரைப்படக் காமிராவால் 16 மில்லிமீட்டர் பிலிமில் படம்பிடித்து வைத்திருந்தார்கள். இந்தப் பிலிம் பிரதிகள் ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, ஹாங்காங், ஆப்பிரிக்க நாடுகள் எனப் பல இடங்களுக்குச் சென்றன. ஒரு நாட்டில் காட்டி முடிந்ததும் அங்கிருந்தே அடுத்த நாட்டுக்கு அனுப்புவதும் வழக்கமாயிருந்தது. ஒப்பந்தக் காலம் தீர்ந்ததும் திருப்பி அனுப்பவேண்டும், அல்லது அழித்துவிடவேண்டும். லண்டனிலிருந்த விற்பனைப் பிரிவும் தன்னிடமிருந்த பிலிம்களை எழுபதுகளில் அப்புறப்படுத்திக்கொண்டே வந்தது. 1978-இல்தான், பிபிசியின் முதல் ஆவணத் தேர்வாளராக நியமனம் பெற்ற சூ மால்டனும், தம் சொந்த ஆர்வத்தால் தேடிக்கொண்டு வந்த இயன் லெவின் என்ற ரசிகரும் விசாரிக்கத் தொடங்கியபின், இந்த அழிவு நின்றது. அதற்குள் அறுபதுகளைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் போய்விட்டிருந்தன. அவற்றுள் ‘கல்லறை’யின் நான்கு அத்தியாயங்களும் அடக்கம்.

எஞ்சியிருந்தவை நிழல்கள். ஒளிபரப்பின்போது தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவு யந்திரத்தை வைத்துப் பதிந்துகொண்ட சில இளைஞர்களின் முயற்சியால், காணாமற்போன ஒவ்வோர் அத்தியாயத்தின் ஒலியும் தப்பியது. ஜான் குரா என்ற புகைப்படக்காரர் தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஞாபகார்த்தமாக விற்றுவந்த சிறு படங்கள் பல கதைகளுக்குக் கிடைத்தன. கதாசிரியர்களுள் ஒருவரான ஜெரி டேவிஸ் 1978-இல் ‘கல்லறை’யை நாவலாக எழுதி வெளியிட்டார். நாவலில் சைபர்மனிதர்களின் பாதாள நகரம் எவ்வளவு விஸ்தாரமாக வேண்டுமானாலும் இருக்கலாம். அதைக் கட்ட மரமோ சாயமோ வேண்டியதில்லை. வாசித்தவர்கள் தங்கள் மனத்தில் எழுப்பிக்கொண்ட கல்லறையோடு எந்தத் தச்சரும் போட்டியிட முடியாது.

1991-ஆம் வருஷ இறுதியில், ஹாங்காங்கின் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் நான்கு அத்தியாயங்களின் பிலிம் சுருள்களும் முழுமையாக அகப்பட்டன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவை லண்டன் வந்து சேர்ந்தன. தொலைந்த அத்தியாயங்கள் தனித்தனியே கிடைப்பதுண்டு. ஒரு கதை முழுவதும், அதுவும் அனைவரும் ஏங்கிய அந்தக் கதையே, ஒருசேரக் கிடைத்தது அபூர்வத்திலும் அபூர்வம். சில மாதங்களுக்குள் அது கேசட்டாக வெளிவந்தது. அதில் நடித்தவர்களையும் உழைத்தவர்களையும் லண்டனில் பாஃப்டா கழகத்தின் அரங்கத்திற்கு அழைத்துப் போட்டுக் காட்டினார்கள். அந்த மாலையைப் படம்பிடித்து வைத்திருந்ததால், ‘டூம்வாட்ச்’ என்ற பெயரில் அது பிற்கால வட்டில் இணைப்பாக இடம்பெற்றது. இயக்குநர் மாரிஸ் பாரி கேசட்டுக்காகப் பேசித் தந்த சிறு முகவுரையும் அவ்வட்டிலே இருக்கிறது. அவர் 2000-ஆம் ஆண்டில் காலமானார். ஆகையால் பின்னால் வந்த உரைகள் எதிலும் அவர் குரல் இல்லை, இந்த முகவுரையில் உண்டு.

கிடைத்தபின் மகிழ்ந்தவர்கள் பலர்; மனக்குறைப்பட்டவர்களும் சிலர். கல்லறை சிறிதாயிருந்தது. உலோக எலிகளைப் போன்ற ‘சைபர்மேட்’ பூச்சிகளின் நடமாட்டம் விளையாட்டுச் சாமான்களை ஞாபகமூட்டியது. பெரும்பலசாலி ஒருவன் சைபர்மனிதர்களின் தலைவனைத் தூக்கி எறியும் இடத்தில், தூக்கப்படுவது வெறும் பொம்மை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் இவற்றைக் கண்டதோடு நின்றவர்கள் கதையைப் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். டெலோஸ் என்ற கிரகத்தில், அழிந்துபோனதாக நம்பப்படும் சைபர்மனிதர்களின் எச்சங்களைத் தேடி, பேராசிரியர் பாரி தலைமையில் ஒரு தொல்பொருள் ஆராய்ச்சிக் குழு வருகிறது. செலவுக்குப் பணம் கொடுத்தவள் காஃப்டான் என்ற செல்வச் சீமாட்டி. அவளோடு கிளீக் என்ற தர்க்க நிபுணன். அவர்களுக்குப் பணியாளாக டோபர்மன் என்ற பலசாலி. டாக்டரும் அவருடைய தோழர்களான ஜேமி, விக்டோரியா இருவரும் அங்கே வந்து சேர்கிறார்கள். கல்லறையின் கதவுகள் தர்க்கப் புதிர்களால் பூட்டப்பட்டிருக்கின்றன. கிளீக் அவற்றைத் திறக்கிறான். உறங்கும் சைபர்மனிதர்களை எழுப்பி அவர்களுடைய பலத்தைத் தன் வசப்படுத்தலாம் என்பது அவன் கனவு. எழுந்தவர்களோ அவனுக்கு நன்றி பாராட்டவில்லை. அந்தப் புதிர்களை வைத்ததே, அவற்றை அவிழ்க்கும் கூர்மதி படைத்தவர்களைப் பிடித்துத் தங்களைப் போல் ஆக்கிக்கொள்வதற்காகத்தான். கல்லறை என்று எண்ணி உள்ளே வந்தவர்கள் ஒரு பொறிக்குள் வந்திருக்கிறார்கள். இந்தத் திருப்பத்தின் அழகை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். அறிவின் அகங்காரமே அறிவைப் பிடிக்கும் தூண்டிலாகிறது.

சைபர்மனிதர்களைப் படைத்தவர்களுள் ஒருவர் கிட் பெட்லர். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கண்மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் மின்னணு நுண்ணோக்கிப் பிரிவை நடத்திவந்த விஞ்ஞானி அவர். பழுதான உறுப்பை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தும் சிகிச்சைகள் அந்நாளில் பெரிதும் பேசப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகளை மாற்றிக்கொண்டே போகும் ஒருவன், எந்தக் கட்டத்தில் மனிதனாயிருப்பதை விட்டுவிடுகிறான் என்ற கேள்வி பெட்லரைப் பயமுறுத்தியது. அந்தப் பயத்திலிருந்து பிறந்தவர்களே இவர்கள்: நோயும் மரணமும் வேண்டாமென்று உடலைப் பிளாஸ்டிக்காலும் உலோகத்தாலும் மாற்றிக்கொண்டு, இறுதியில் துக்கமும் அன்பும்கூட வேண்டாமென்று நீக்கிக்கொண்ட ஒரு ஜாதி. ‘கல்லறை’ 1967 செப்டம்பர் 2 முதல் 23 வரை நான்கு சனிக்கிழமைகளில் ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். மூன்று மாத இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும்போது, சிறுவர்களுக்கென்று எடுக்கப்பட்ட இந்தக் கதை தன் காலத்தின் நாடியை எவ்வளவு நெருக்கமாகப் பிடித்திருந்தது என்பது விளங்குகிறது. சைபர்மனிதர்களின் குரலும் இந்தக் கருத்துக்குப் பொருந்தியிருக்கிறது. தொண்டைச் சிகிச்சையால் குரலை இழந்தவர்களுக்குப் பேச உதவும் மின்கருவியைப் போன்ற ஒன்றைக் கொண்டே பீட்டர் ஹாக்கின்ஸ் அக்குரலைத் தந்தார். மனிதனுக்கு உதவ வந்த கருவி மனிதத்தன்மை போனவர்களின் குரலாக ஒலிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

கல்லறைக்குள் அவர்கள் விழித்தெழும் காட்சி ஈலிங் ஸ்டூடியோவில் பிலிமில் எடுக்கப்பட்டது. தேன்கூட்டின் அறைகளைப் போல் அடுக்கடுக்காக அமைந்த கூடுகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் மெல்லிய ஒளிபுகும் ஜவ்வு. உள்ளே முடங்கிக் கிடக்கும் உருவம் மெதுவாக அசைந்து, கையால் அந்த ஜவ்வைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறது. பின்னணியில் ஒலிக்கும் மார்டின் ஸ்லாவினின் ‘ஸ்பேஸ் அட்வெஞ்சர்’ என்ற இசை இக்கதைக்கென்று அமைக்கப்பட்டதன்று. இசைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஆனால் இன்றைக்கு அவ்விசையைக் கேட்டால் அந்தக் காட்சியைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை.

இவ்வளவு பயங்கரத்தின் நடுவே மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் அமைதியான இடம் வருகிறது. சற்று முன்னர்த்தான் தந்தையை இழந்த விக்டோரியா, எல்லோரும் உறங்கும் வேளையில் காவலுக்கு விழித்திருக்கிறாள். டாக்டர் அவளருகே வந்து அமர்ந்து, தம் குடும்பத்தாரைப் பற்றி, இத்தொடரில் மிக அரிதாகவே பேசும் விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுகிறார். அவர்களை நினைக்க விரும்பினால் நினைத்துக்கொள்ளலாம், மற்ற நேரங்களில் அவர்கள் தம் உள்ளத்தில் உறங்குவார்கள் என்ற பொருள்படச் சொல்லுகிறார். ட்ரௌட்டன் இதைச் சொல்லும்போது முகத்தில் எந்த மிகையும் இல்லை. துக்கம் வேண்டாமென்று இருதயத்தையே நீக்கிக்கொண்டவர்கள் கீழே உறங்க, மேலே ஒருவர் துக்கத்தை வைத்துக்கொண்டு வாழும் விதத்தை ஒரு சிறு பெண்ணுக்குக் கற்பிக்கிறார். அந்த இரண்டு நிமிஷங்களே இக்கதையின் ஜீவன் என்று நான் நினைக்கிறேன். ஒலிப்பதிவில் மட்டும் இதைக் கேட்டிருந்தவர்களுக்கு அந்த முகம் தெரியாது. அது ஹாங்காங்கிலிருந்து வந்த கொடை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பொம்மையும் விளையாட்டுச் சாமான்களும் பெரிய குறைகள் அல்ல. டோபர்மன் பாத்திரமே உண்மையான குறை. ராய் ஸ்டூவர்ட் என்ற ஜமைக்கா நாட்டுக் கறுப்பு நடிகருக்கு, எஜமானியின் சொற்படி நடக்கும், அதிகம் வாய் திறவாத, உடற்பலம் மட்டுமே உள்ள ஊழியன் வேஷம் கொடுத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, சூழ்ச்சிக்காரர்களான காஃப்டானும் கிளீக்கும் தோற்றத்தாலும் பேச்சுத் தொனியாலும் கீழைத் தேசத்தவர்களாகச் சித்திரிக்கப்படுகிறார்கள். நல்லவர்கள் யாவரும் வெள்ளையர்கள். ஆரம்பத் திட்டத்தில் டோபர்மன் காது கேளாதவன், கேட்புக் கருவி அணிந்தவன். உடம்பில் ஒரு கருவியைத் தாங்கியவன் சைபர்மனிதனாக மாற்றப்படுவதற்கு அது முன்னறிவிப்பாக இருந்திருக்கும். அந்தக் கருவி விடுபட்டுப்போகவே, அவன் மௌனத்துக்கு இருந்த காரணமும் போய், மௌனம் மட்டும் எஞ்சியது. இதைத் தெரிந்துகொண்டால் குறை எவ்விதம் நேர்ந்தது என்று விளங்கும், குறை மன்னிக்கப்பட்டுவிடாது. முடிவில் பாதி யந்திரமாக்கப்பட்ட டோபர்மனே தன் சுயேச்சையை மீட்டுக்கொண்டு, மின்சாரம் பாயும் கதவை மூடி, உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காக்கிறான். ஸ்டூவர்ட்டின் நடிப்பில் அந்தக் கணம் கதாசிரியர்கள் எழுதியதைவிட உயர்ந்து நிற்கிறது.

மூலத்தைச் சொன்னேன், இனி உரை. நம் பழைய நூல்களுக்கு உரையாசிரியர்கள் செய்த உதவியை அறிந்த தமிழ் வாசகருக்கு, இவ்வட்டுகளில் இருப்பதன் இயல்பை அதிகமாக விளக்க வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டு வட்டில், ஜேமியாக நடித்த ஃப்ரேசர் ஹைன்ஸும் விக்டோரியாவாக நடித்த டெபோரா வாட்லிங்கும் நான்கு அத்தியாயங்களையும் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். 2012-ஆம் ஆண்டு மறுபதிப்பில், சைபர்மனிதர்களின் உடைக்குள் இருந்தவர்கள் முதலிய மற்றோர் கூட்டத்தார் இன்னோர் உரை தருகிறார்கள். முகமூடிக்குள் நின்றவர்களுக்குப் புகழ் கிடைப்பதில்லை. அந்த உடையின் புழுக்கத்தையும் கனத்தையும் அவர்கள் வாயாலேயே கேட்கும்போது, திரையில் நிமிர்ந்து நடக்கும் வெள்ளி உருவங்கள் உழைக்கும் மனிதர்களாகி விடுகின்றன.

பேச்சைவிட எனக்கு அருமையாகத் தோன்றுவது, திரையின் அடியில் எழுத்தாக ஓடும் தயாரிப்புக் குறிப்புகள். எந்தக் காட்சி எப்போது எங்கே எடுக்கப்பட்டது, எழுத்துப் பிரதியில் என்ன இருந்து எது வெட்டப்பட்டது என்பவற்றையெல்லாம் பிபிசியின் காகிதக் கோப்புகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். டெலோஸின் பாழ்நிலம் ஜெராட்ஸ் கிராஸ் என்ற ஊரின் மணற்குவாரி என்பதையும், அரங்கக் காட்சிகள் லைம் குரோவ் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை என்பதையும் தெரிந்துகொண்டபின், எந்த இடத்தில் பிலிம் முடிந்து எந்த இடத்தில் நாடா தொடங்குகிறது என்று நம் கண்ணே கண்டுபிடிக்கத் தொடங்குகிறது. இத்தொடரின் பல வட்டுகளுக்கு இத்தகைய குறிப்புகளை எழுதிய மார்டின் விக்கின்ஸ், ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட அறிஞர். நானூறு வருஷத்து நாடகப் பிரதிகளுக்குக் காட்டும் அதே சிரத்தையை ஒரு சனிக்கிழமை மாலைத் தொடருக்கும் அவர் காட்டியிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுபதிப்பில் ‘த கர்ஸ் ஆஃப் த சைபர்மென்ஸ் டூம்’ என்று ஓர் ஆவணப்படம் இருக்கிறது. கலாசார வரலாற்று ஆசிரியரான கிறிஸ்டோபர் ஃப்ரெய்லிங், இக்கதையின் வேர்களை எகிப்துக்குக் கொண்டு செல்கிறார். 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் துத்தன்காமன் மன்னனின் சமாதியைக் கண்டுபிடித்ததும், அடுத்த ஏப்ரலில் அப்பணிக்குப் பொருளுதவி செய்த கார்னர்வன் பிரபு இறந்ததும், அதையொட்டிச் சமாதியின் சாபம் என்ற வதந்தி பத்திரிகைகளிற் பரவியதும், அவ்வதந்தி மம்மிப் படங்களாக வளர்ந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. அவற்றை ‘கல்லறை’யோடு பொருத்திப் பார்த்தால், பேராசிரியர், செல்வந்தரான போஷகர், திறக்கக்கூடாத கதவு, விழித்தெழும் பிணம் என ஒவ்வொன்றும் தன் பூர்வீகத்தைக் காட்டிவிடுகிறது. கிளீக்காக நடித்த ஜார்ஜ் பாஸ்டெல், 1959-இல் வந்த ஹாமர் கம்பெனியின் ‘த மம்மி’யிலும், 1964-இல் வந்த இன்னொரு மம்மிப் படத்திலும் நடித்தவர். அவரைத் தேர்ந்தெடுத்ததிலேயே இயக்குநரின் நோக்கம் தெரிகிறது. கீழைத் தேசத்துச் சூழ்ச்சிக்காரன் என்ற பாத்திரவகையும் அந்த வழியாகவே இங்கு வந்து சேர்ந்தது.

இனி, படத்தையே புதுப்பித்த வித்தையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1967-இன் தொலைக்காட்சிப் படம் 405 கோடுகளால் ஆனது. அக்கோடுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு விநாடிக்கு 50 பாதிப்படங்கள் வீதம் அனுப்பினார்கள். ஒவ்வொரு பாதியும் முந்தியதற்கு ஐம்பதில் ஒரு விநாடி பிந்திய கணத்தைக் காட்டும். ஆகையால் அசைவுகள் தண்ணீர் ஓடுவதைப் போல் வழுக்கிச் சென்றன. நடிகர் நம் அறையிலேயே நிற்பதாகத் தோன்றியது. அதைப் பிலிமில் படம்பிடித்தபோது, விநாடிக்கு 25 படங்களே கிடைத்தன. அசைவின் பாதிக் கணங்கள் போய்விட்டன. நேரில் பார்க்கும் உணர்ச்சி அகன்று, பழைய சினிமாவைப் பார்க்கும் உணர்ச்சி வந்துவிட்டது. பல தசாப்தங்களாக அறுபதுகளின் தொலைக்காட்சியை நாம் இந்த மாறிய உருவத்திலேயே பார்த்துவந்தோம். அன்றைய ஜனங்கள் பார்த்தது அதையன்று.

பீட்டர் ஃபிங்கிள்ஸ்டோன் என்பவர் வகுத்த ‘விட்ஃபயர்’ என்ற முறை, கம்ப்யூட்டரின் உதவியால், அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையில் ஒவ்வொரு பொருளும் எங்கே இருந்திருக்கும் என்று கணித்து, தொலைந்த கணத்தை மறுபடி உண்டாக்குகிறது. அதற்கு முன்பாகப் பிலிமைச் சுத்தம் செய்து, கீறல்களை மறைக்கும் திரவத்தில் தோய்த்தபடி ஓடவிட்டு, தூசியையும் தழும்பையும் ஒவ்வொன்றாக நீக்கவேண்டும். ஈலிங்கிலும் மணற்குவாரியிலும் முதலிலேயே பிலிமில் எடுத்த காட்சிகளுக்கு இம்முறை பொருந்தாது. அவை அன்றும் விநாடிக்கு 25 படங்களாகவே ஓடின. ஆகவே அவற்றைத் தொடாமல் விட்டு, நாடாவில் பதிந்த பகுதிகளுக்கு மாத்திரம் இதைச் செய்யவேண்டும். எங்கே கைவைக்க வேண்டும், எங்கே கைவைக்கக் கூடாது என்ற இந்த விவேகமே புதுப்பித்தலை மெருகு பூசுவதிலிருந்து பிரிக்கிறது. 2012-இன் வட்டில் இம்முறை கதையின் நாடாப் பகுதிகள் அனைத்துக்கும் கையாளப்பட்டிருக்கிறது. செயல்முறையை விளக்கும் சிறு படமும் உடன் இருக்கிறது. கணித்து உண்டாக்கிய கணம் அசலான கணம் ஆகுமா என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ஆனால் விக்டோரியாவின் அருகே ட்ரௌட்டன் அமரும் காட்சியை இருவிதமாகவும் பார்த்தால், இரண்டாவதே 1967-இன் வீட்டுக்கூடத்துக்கு நம்மை அழைத்துச் செல்வதை ஒப்புக்கொள்வார்கள்.

இத்தகைய புதுப்பித்தலின் வேறொரு சாதனையையும் குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. வர்ணத்தில் தயாரான சில கதைகளுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம் மாத்திரமே எஞ்சியிருந்தது. அந்தப் பிலிமை உற்று நோக்கியவர்கள், வர்ணச் செய்தியைத் தாங்கிய நுண்ணிய புள்ளிகள் படத்தோடு சேர்ந்து பதிந்திருப்பதைக் கண்டார்கள். பதிவு செய்த அன்றே வடிகட்டியிருக்க வேண்டிய அந்தப் புள்ளிகளை வடிகட்ட மறந்த அஜாக்கிரதையே பின்னாளில் பாக்கியமாயிற்று. அவற்றைப் படித்து அசல் வர்ணத்தையே மீட்டார்கள். ஜான் பெர்ட்வீ டாக்டராக நடித்த ‘த மைண்ட் ஆஃப் ஈவில்’ 2013-இல் இவ்விதம் வர்ணத்தோடு வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயத்தில் புள்ளிகள் பதியாமையால், அதற்கு மட்டும் கைவேலையாக வர்ணம் தீட்டினார்கள்.

‘கல்லறை’யின் செல்வாக்கு இன்னும் ஓயவில்லை. 2010-இல் டாக்டராகப் பொறுப்பேற்ற மாட் ஸ்மித், பழைய கதைகளைப் பார்த்துத் தம்மைத் தயார்செய்துகொண்டபோது, தம்மை ஆட்கொண்டது இக்கதையும் இதில் ட்ரௌட்டனின் நடிப்புமே என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 1967-க்குப்பின் பிறந்த ஒரு நடிகர் இதைப் பார்க்க முடிந்தது, ஹாங்காங்கின் ஒரு கிடங்கில் யாரோ அந்தச் சுருள்களை எறியாமல் வைத்திருந்ததனால்.

புதிதாகப் பார்க்க விரும்புவோருக்கு என் யோசனை இதுதான். முதல் தடவை குறிப்பும் உரையும் இன்றி, முடிந்தால் வாரம் ஒரு அத்தியாயமாக, 1967-இன் சிறுவர்கள் பார்த்த நிதானத்தில் பாருங்கள். அடுத்த முறை எழுத்துக் குறிப்புகளை ஓடவிட்டுப் பாருங்கள். நடிகர்களின் உரையை அதற்குப்பின் வைத்துக்கொள்ளலாம். முந்திய காலத்துக் கதைகள் இப்போது பெரும்பாலும் இணையவழியே கிடைக்கின்றன. அங்கே அத்தியாயங்கள் வருகின்றனவே தவிர, மேற்சொன்ன குறிப்புகளும் இரட்டை உரைகளும் ஃப்ரெய்லிங்கின் ஆவணப்படமும் பெரும்பாலும் உடன் வருவதில்லை. வட்டுகளின் விற்பனை குறைந்துவரும் இந்நாளில், உரை தனியாகவும் மூலம் தனியாகவும் பிரிந்துபோகும் நிலை ஏற்பட்டிருக்கிறது. பழைய வட்டுகளை வைத்திருப்போர் அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. உரிமை பெற்ற ஸ்தாபனத்தார் அந்தக் குறிப்புகளையும் உரைகளையும் இணையப் பதிப்போடு சேர்த்துத் தருவது அதைவிட நல்லது. அதற்கு வேண்டியவை எல்லாம் அவர்கள் கைவசமே இருக்கின்றன.